பதில் வந்தால் யார் படிப்பது?

மேலூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பல் மருத்துவமனை நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டாராம்: “டாக்டரம்மா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன், பல் பிடுங்கலாமான்னு முந்தாநாளே மெயில்ல கேட்டிருந்தேனே, பாக்கலையா?” அப்படி ஒரு மெயில் வந்ததாக அங்கே யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குப் பல் எடுக்கவில்லை. இதய மருத்துவரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் மாட்டுத்தாவணி வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ என்று வந்தவர், வந்த வழியே திரும்பிப் போனார்.

சாயங்காலம் மருத்துவமனை மேலாளர் அக்கா எனக்குப் போன் செய்தார். அந்த மருத்துவமனைக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் நான். ‘உங்கள் முன்பதிவு உறுதி’ என்று போகும் மெயிலில் அனுப்புநர் முகவரியாக ‘நோ-ரிப்ளை’ என்று தொடங்கும் ஒன்றை வைத்ததும் நான்தான். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள் என்று வைத்தேன். அந்தப் பெட்டியை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன். ஐயாவின் மெயில் இருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல், வேறு தேதி வேண்டும் என்று ஒரு தாய் கேட்டிருந்தார். ஒருவர் எக்ஸ்ரேயைப் படம் எடுத்து இணைத்திருந்தார். ஏழு மாதத்துப் பதில்கள், ஒன்றுகூடப் படிக்கப்படாமல் தடித்த எழுத்தில் கிடந்தன.

அந்த மெயிலின் அடியில் ‘இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். அதை யார் படிக்கிறார்கள்? நமக்கு ஒரு கடிதம் வந்தால் பதில் எழுதுவது மனித இயல்பு. போன இடத்தில் நம் கேள்வியை யாரோ பார்ப்பார்கள் என்று நம்பித்தான் அந்த ஐயா எழுதினார். அன்றிலிருந்து நான் செய்யும் எந்த வேலையிலும், அனுப்பும் பட்டனுக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறேன்: இதற்குப் பதில் வந்தால் யார் படிப்பது? மதுரையில் இப்போது சின்னப் பள்ளி, ஸ்கேன் சென்டர், நகைச்சீட்டுக் கடை என்று எல்லோரும் எஸ்எம்எஸ்ஸும் மெயிலும் அனுப்புகிறார்கள். அவர்களுக்கும், அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும்தான் இது.

முதலில் எஸ்எம்எஸ். அனுப்புநர் எண்ணுக்குப் பதிலாக ஆறெழுத்துத் தலைப்பிலிருந்து வரும் குறுஞ்செய்திக்கு நம் ஆட்கள் பதில் அனுப்ப முடியாது. அது எண் அல்ல, வெறும் பெயர். பதில் வேண்டுமென்றால், கூப்பிட வேண்டிய எண் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். இதைச் சொன்னால் உடனே வரும் எதிர்ப்பு, “இடம் இல்ல தம்பி” என்பதுதான். இடம் ஏன் இல்லாமல் போகிறது என்பதை ஒரு செய்தியை வைத்தே காட்டுகிறேன்.

2025 மே 12, திங்கள்கிழமை அழகர் ஆற்றில் இறங்கினார். அந்த நாளில் கோரிப்பாளையம் பக்கம் யாரும் வண்டியில் நுழைய முடியாது என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். நத்தத்திலிருந்து வரும் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் மருத்துவமனையில் ஒரு செய்தி எழுதினார்கள்:

‘அன்புடையீர் வணக்கம். அழகர் ஆற்றில் இறங்கும் வைபவத்தை முன்னிட்டு நாளை நமது மருத்துவமனை செயல்படாது.’

மேலாளர் அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறார். “இடைவெளி, புள்ளி எல்லாம் சேத்து அறுபத்து நாலுதான் தம்பி வருது. எழுபதுக்குள்ளதான இருக்கு? ஏன் ரெண்டு மெசேஜ்னு காசு எடுத்திருக்கான்?” அவர் எண்ணியது தமிழ் எழுத்து, 64 சரிதான். ஆனால் கணினி அப்படி எண்ணாது. ‘து’ நமக்கு ஓர் எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யுனிகோடில் தகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு. ‘ன்’ என்றால் னகரம் ஒன்று, புள்ளி ஒன்று. அந்தச் செய்தியில் இப்படிக் கொம்பும் காலும் சுழியும் புள்ளியுமாக 33 குறிகள் இருக்கின்றன. 64-உம் 33-உம் சேர்ந்து 97.

ஓர் எஸ்எம்எஸ்ஸுக்குள் கொள்வது 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து அடங்குகிறது. தமிழுக்கு ஒவ்வொன்றும் 16 பிட், அதனால் 70. அந்த 70-ஐத் தாண்டினால், துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் விட வேண்டும் என்பதால் ஒரு துண்டுக்கு 67 ஆகக் குறைந்துவிடும். ஆங்கிலத்திலேயே அனுப்பினாலும் நடுவில் ஒரு ₹ குறி விழுந்தால் போதும், அல்லது வேர்டில் இருந்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறி ஒன்று கூடவே வந்தால் போதும், முழுச் செய்தியும் 70 கணக்குக்குப் போய்விடும். மாதக் கடைசியில் பில் ஏன் ஏறியது என்று கேட்டு வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

அதற்காகத் தமிழைக் கைவிட்டு ‘நாளை மருத்துவமனை இல்லை’ என்பதை ஆங்கில எழுத்தில் கோத்து அனுப்புவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. உசிலம்பட்டியில் தினத்தந்தியை ஒரு வரி விடாமல் படிக்கும் அம்மாவுக்கு அந்த எழுத்து முட்டும். குறைக்க வேண்டியது மரியாதைச் சொற்களை. ‘அழகர் திருவிழா: 12.05 திங்கள் மருத்துவமனை விடுமுறை.’ இது 51 இடம்தான் எடுக்கிறது. மீதி 19-இல் மருத்துவமனைப் பெயரைச் சுருக்கமாகப் போட்டுவிடலாம். கூப்பிடும் எண்ணும் வேண்டுமென்றால் இரண்டு துண்டாகவே போகட்டும், அந்தக் காசு வீண் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். முதல் செய்தியில் ‘நாளை’ என்று இருந்தது, இரண்டாவதில் தேதி இருக்கிறது. போன் அணைந்திருந்தால் செய்தி காத்திருந்து மறுநாள் காலையில் போய் விழும். படிப்பவர் ‘நாளைதானே லீவு’ என்று அன்றைக்குக் கிளம்பி வருவார். சர்வர் கடிகாரம் வேறு பல இடங்களில் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. மாலை 6 மணிக்கு அனுப்பு என்று எழுதிவிட்டால் நம் ஊரில் அது இரவு 11.30. தூங்குகிறவரை எழுப்புவது ஒரு பக்கம், அவர் அதைக் காலையில் பார்க்கும்போது ‘நாளை’ என்பது இன்றைக்காகி இருக்கும். ‘நாளை’, ‘இன்று மாலை’ என்ற சொற்களை எந்தச் செய்தியிலும் எழுதாதீர்கள்.

அடுத்தது டிஎல்டி, அதாவது வணிகக் குறுஞ்செய்தி அனுப்புகிறவர்கள் பதிந்துகொள்ள வேண்டிய பதிவேடு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி நிறுவனம், தலைப்பு, செய்தியின் வாசகம் மூன்றையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். வாசகத்தில் பெயர், தேதி போன்ற மாறும் இடங்களைத் தவிர வேறு எதையும் மாற்றக் கூடாது. 2021 மார்ச் 8 அன்று இந்தச் சோதனையைக் கண்டிப்பாக ஆரம்பித்தபோது நாடு முழுக்க வங்கி ஓடிபி கூட வராமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு வாரத்துக்கு அதை நிறுத்தி வைத்தார்கள். 2024 அக்டோபர் முதல் செய்திக்குள் இருக்கும் இணைப்பும் பதிந்ததாக இருக்க வேண்டும். இதெல்லாம் தொல்லை என்று, கடையில் கிடக்கும் போன் ஒன்றில் சிம் போட்டு அதிலிருந்து மொத்தமாக அனுப்பிக் கொடுக்கச் சொல்கிறவர்கள் உண்டு. செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். பத்து இலக்க எண்ணிலிருந்து ‘உங்கள் ரிப்போர்ட் தயார், இங்கே தொடுங்கள்’ என்று வந்தால் தொடக் கூடாது என்று ஒரு பக்கம் மக்களுக்குச் சொல்லிக்கொண்டு, இன்னொரு பக்கம் நாமே அப்படி அனுப்பிப் பழக்கினால் மோசடிக்காரனுக்கு வழி போட்டுக் கொடுத்தவர்கள் ஆவோம்.

பதிந்த வாசகத்திலிருந்து ஒரு சொல் மாறினாலும் செய்தி நடுவழியில் நின்றுவிடும். நம் திரையில் மட்டும் ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சையாக இருக்கும். அந்தப் பச்சைக்குப் பொருள், இடையில் இருக்கும் எஸ்எம்எஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது என்பது மட்டுமே. போனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது பிறகு தனியாக வரும் டெலிவரி ரிப்போர்ட்டில்தான் தெரியும். அது சில சமயம் இரண்டு முறை வரும். நம் டேட்டாபேஸில் செய்தியைப் பதியும் முன்பேகூட வந்து நிற்கும். இரண்டையும் தாங்கும்படி எழுத வேண்டும். நான் இப்போது திரையில் ‘வாங்கிக்கொண்டார்கள்’, ‘சேர்ந்தது’, ‘சேரவில்லை’ என்று மூன்று நிலை காட்டுகிறேன். சேராதவர்களின் பட்டியலை வரவேற்பில் இருக்கும் பெண் காலையில் எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்.

சேர்ந்தது என்றாலும் யாரிடம் சேர்ந்தது என்ற கேள்வி இருக்கிறது. ஒருவர் கைவிட்ட மொபைல் எண், 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். மூன்று வருடத்துக்கு முன் பதிந்த எண்ணுக்கு இன்று ரத்தப் பரிசோதனை முடிவை அனுப்பினால், முன்பின் தெரியாத ஒருவர் கையில் அது போய் நிற்கும். நோயின் பெயர், பரிசோதனையின் பெயர், மருந்தின் பெயர் மூன்றும் எஸ்எம்எஸ்ஸில் வரக் கூடாது. ‘முடிவு தயார், நேரில் வாங்கிக்கொள்ளவும்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது மெயில் பதிலுக்கு வருகிறேன்.

ஐயாவின் விஷயத்துக்குப் பிறகு நான் முதலில் செய்தது, ஒவ்வொரு முன்பதிவு மெயிலுக்கும் தனிப் பதில் முகவரி கொடுத்ததுதான். ‘ரிப்ளை-டு’ என்ற தலைப்பு வரியில், @ குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் அதை அடுத்து யாரும் ஊகிக்க முடியாத ஓர் எழுத்துச் சரமும் போகும். பதில் வந்தால் அந்தச் சரத்தைப் பார்த்து, இது எந்த முன்பதிவுக்கு வந்தது என்று மென்பொருளே கண்டுபிடித்துவிடும். அனுப்புநர் முகவரியை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பார்கள். அது நம் குடும்பங்களில் வேலைக்காகாது. முன்பதிவு அப்பா பெயரில் இருக்கும், மெயில் முகவரி சிங்கப்பூரில் இருக்கும் மகனுடையது, பதில் போடுவது சென்னையில் இருக்கும் மருமகள். தவிர, அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுதுவது மிக எளிது. பழைய மெயிலின் அடையாளத்தைச் சுமந்து வரும் ‘இன்-ரிப்ளை-டு’ வரியை இரண்டாவது சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.

பதிலின் அடியில் நம்முடைய பழைய மெயில் முழுக்க ஒட்டிக்கொண்டு வரும். அதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதியதை மட்டும் காட்டுவதற்கு நிரல் எழுதினேன். ‘இன்ன தேதியில் இன்னார் எழுதியது’ என்ற ஆங்கில வரியைத் தேடி அதற்குக் கீழே உள்ளதை எல்லாம் நீக்கும். சோதித்தபோது சரியாக இருந்தது. போனைத் தமிழில் வைத்திருப்பவர் பதில் போட்டபோது அந்த வரியும் தமிழில் வந்தது, வெட்டவில்லை. இன்னொருவர் நம் மெயிலில் இருந்த ஒவ்வொரு கேள்விக்கும் அதனதன் கீழேயே பதில் எழுதியிருந்தார். அவர் எழுதியது அத்தனையும் வெட்டுப்பட்டு, வரவேற்பில் வெற்றுப் பதிலாகத் தெரிந்தது. அதனால் வந்த மெயிலை வந்தபடியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும். வெட்டியதைத் திரையில் காட்டலாம், ஆனால் ‘முழுதும் பார்க்க’ என்ற பட்டன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எல்லாப் பதிலும் மனிதர் எழுதியதாகவும் இருக்காது. ‘விடுப்பில் இருக்கிறேன்’ என்று தானாக வரும் பதிலுக்கு நம் மென்பொருள் ‘உங்கள் பதில் கிடைத்தது’ என்று தானாக அனுப்ப, அதற்கு அந்தப் பக்கம் மறுபடி தானாக அனுப்ப, ஒரு பொங்கல் விடுமுறையில் இரவெல்லாம் இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொண்டிருந்தன. 2004-இலேயே இதற்கு ஒரு நெறிமுறை எழுதிவிட்டார்கள்: தானாகப் போகும் மெயிலில் ‘ஆட்டோ-சப்மிட்டட்’ என்ற வரி இருக்க வேண்டும், அந்த வரியோடு வருவதற்குத் தானாகப் பதில் போகக் கூடாது. அந்த வரி போடாதவர்களும் உண்டு என்பதால், ஒரு முகவரிக்கு ஒரு நாளில் ஒரு தானியங்கிப் பதில்தான் என்று வரம்பும் வைத்திருக்கிறேன்.

போய்ச் சேராமல் திரும்பி வரும் மெயில்களையும் படிக்க வேண்டும். அதில் 550 என்ற பிழை எண் வந்தால் பெரும்பாலும் அப்படி ஒரு முகவரி இல்லை அல்லது ஏற்க மறுக்கிறார்கள். உடனே நிறுத்திவிட்டு, நோயாளியிடம் சரியான முகவரி கேளுங்கள். 4-இல் தொடங்கும் எண் என்றால் தற்காலிகத் தடை, கொஞ்ச நேரம் கழித்து முயலலாம். இல்லாத முகவரிகளுக்கே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தால் நம் டொமைனின், அதாவது @ குறிக்குப் பின் வரும் முகவரியின், பெயர் கெட்டு, இருக்கிறவர்களுக்குப் போவதும் ஸ்பாமில் விழும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப் (நம் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகேஐஎம் (மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து) சான்று கேட்கிறது. ஒரு நாளைக்கு 5000-க்கு மேல் அனுப்பினால் இரண்டும் வேண்டும், டிமார்க்கும் (அந்தச் சான்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) வேண்டும். சின்ன மருத்துவமனையாக இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள். அரை நாள் வேலைதான்.

இத்தனையும் செய்த பிறகும், கடைசியில் ஒரு மனிதர் வேண்டும். மென்பொருளில் ‘படிக்காத பதில்கள்’ என்று ஒரு பக்கம் வைத்தேன். அதை யார் பொறுப்பில் விடுவது என்று மேலாளர் அக்காவோடு உட்கார்ந்து பேசி, பெயர் போட்டு எழுதினோம். காலை 9.30-க்கும் மதியம் 3-க்கும் வரவேற்பில் இருக்கும் பெண் பார்ப்பார். மாத்திரை, ஒவ்வாமை, வீக்கம், ரத்தம் என்ற சொற்களில் ஒன்று இருந்தாலும் அந்தப் பதில் மேலே வந்து நிற்கும், டாக்டரம்மாவின் போனுக்கும் போகும். மெயிலின் அடியில் இருந்த ‘பதில் அனுப்ப வேண்டாம்’ வரியை எடுத்துவிட்டு, ‘கேள்வி இருந்தால் இதற்கே பதில் எழுதுங்கள், அவசரம் என்றால் கூப்பிடுங்கள்’ என்று எண்ணோடு போட்டோம்.

மேலூர் ஐயா இதய மருத்துவரின் கடிதத்தோடு திரும்பவும் முன்பதிவு செய்தார். உறுதி மெயில் போன அரை மணி நேரத்தில் பதில் எழுதியிருந்தார்: ‘கடிதத்தைப் படம் எடுத்து இணைத்துள்ளேன். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரலாமா?’ மாத்திரை என்ற சொல்லைப் பார்த்துப் பதில் மேலே ஏறி நின்றது. டாக்டரம்மா கடிதத்தைப் படித்துவிட்டு அவரே ஐயாவைக் கூப்பிட்டுப் பேசினார்.