‘சுருக்க ஓவியம்’ என்று ஒன்று இல்லை

கொழும்பு 7 இல் நடந்த, கண்ட பொருளை அப்படியே காட்டாத ‘அப்ஸ்ட்ராக்ட்’ ஓவியங்களின் கண்காட்சிக்கு மும்மொழியிலும் அழைப்பிதழ் வந்தது. தமிழ்ப் பக்கத்தில் ‘சுருக்க ஓவியக் கண்காட்சி’ என்று போட்டிருந்தார்கள். மொழிபெயர்த்தவர்மேல் முழுக்கோபம் வரவில்லை. ‘அப்ஸ்ட்ராக்ட்’ என்றதும் பல்கலைக்கழகம் போய்வந்த எவருக்கும் ஆய்வுக் கட்டுரையின் முகப்பில் வரும் சுருக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். அகராதியைத் திறந்தவர் முதல் வரியோடு மூடிவிட்டார். சிங்களப் பக்கத்தில் ‘வியுக்த’ என்று சரியாக இருந்ததுதான் உறுத்தியது.

வியுக்த என்பது வடசொல். பிரிக்கப்பட்டது, தொடர்பு விடுபட்டது என்று பொருள். நாம் பிரிவை ‘வியோகம்’ என்கிறோமே, அதே வேர். மூலச் சொல்லுக்கும் இது மிக நெருக்கம். இலத்தீனில் ‘அப்ஸ்’ அப்பால், ‘த்ராஹெரே’ இழுத்தல். வயலில் ஓடும் டிராக்டரும் அந்த இழுவையில் பிறந்த சொல்தான். ஒன்றிலிருந்து இழுத்தெடுத்தது எதுவோ அது அப்ஸ்ட்ராக்ட். கட்டுரையிலிருந்து இழுத்தெடுத்தால் சுருக்கம். கண்ணால் கண்ட பொருளிலிருந்து இழுத்தெடுத்தால் ஓவியம். தமிழில் இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும்.

ஓவியத்துக்கு நம்மிடம் புழங்குவன சில. ‘நவீன ஓவியம்’ என்பது சோம்பேறித்தனம். நவீன ஓவியத்தில் ஆளும் மாடும் மரமும் தாராளமாக உண்டு. இலக்கணப் பண்புப்பெயரை நினைத்து ஆக்கிய ‘பண்பியல் ஓவியம்’ வகுப்பறையைத் தாண்டவில்லை. நிலைத்தவை அரூப ஓவியமும் அருவ ஓவியமும். இவற்றில் அருவமே தூய தமிழ் என்று சிலர் சண்டைக்கு வருவதுண்டு. ‘உரு’ தமிழ் வேர் என்பாரும் ‘ரூபம்’ நம் வாயில் உருவமானது என்பாரும் இன்னும் ஓயவில்லை. எனக்கு அந்த வழக்கில் அக்கறையில்லை. என் முறைப்பாடு வேறு: இவ்வகை ஓவியத்தில் உருவம் இல்லை என்று யார் சொன்னது? ரஷ்ய ஓவியர் மாலெவிச் 1915 இல் பெத்ரோகிராத் (இன்றைய சென் பீட்டர்ஸ்பர்க்) கண்காட்சியில் மாட்டிய கறுப்புச் சதுரத்தைவிடத் திட்டமான உருவம் வேறென்ன? ரஷ்ய வீடுகளில் திருவுருவப் படம் வைக்கும் மேல்மூலையிலேயே அதை மாட்டினார். 1930 இல் டச்சு ஓவியர் வான் டூஸ்பர்க் இன்னும் பிடிவாதமாக, கோட்டையும் நிறத்தையும் விடத் திடமானது எதுவுமில்லை என்று வாதாடி, இதற்குத் ‘திண்மக் கலை’ என்ற கருத்தில் பெயரே மாற்றிப் பார்த்தார்.

மாலெவிச் தன் வேலைக்கு வைத்த ரஷ்யச் சொல்லின் நேர்ப்பொருள் ‘பொருளின்மை’. இதை அப்படியே தமிழாக்கினால் கதை கந்தலாகிவிடும். நமக்குப் பொருள் என்றால் மேசை, நாற்காலியும் பொருள், அர்த்தமும் பொருள், போதாததற்குப் பணமும் பொருள். வான் டூஸ்பர்க்கும் மாலெவிச்சும் விட்டது முதலாவதை. கிறீன் பாத் என்று இன்றும் அழைக்கப்படும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடைபாதை ஓவியங்களுக்கு முன் நின்று, “தம்பி, இதில் ஒரு பொருளும் இல்லையே” என்று ஒரு பெரியவர் கேட்டதைக் கேட்டிருக்கிறேன். அவர் பாதி சரி. மற்றப் பாதியில் தமிழ் அவரை ஏமாற்றிவிட்டது.

பொருள் எப்படிக் கழன்றது என்பதற்குக் இவ்வகை ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரஷ்யர் கண்டின்ஸ்கி சொன்ன கதையே போதும். மொஸ்கோவில் பிரெஞ்சு ஓவியர் மொனேயின் வைக்கோற்போர் ஓவியத்தைப் பார்த்தபோது அது வைக்கோற்போர் என்று கண்காட்சிப் பட்டியல் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. தெரியாமலே அது மனத்தைப் பிடித்திருந்தது. பிறகு மியூனிச்சில் ஒரு மாலை, மங்கல் வெளிச்சத்தில் வீடு திரும்பியவர், சுவரோரம் சொல்லொணா அழகுடன் ஓர் ஓவியம் இருக்கக் கண்டு திகைத்தார். கிட்டப் போனால் அவருடையதே, பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தது. மறுநாள் பகலில் பார்த்தார். பொருள்கள் தெரிந்துவிட்டன, மயக்கம் போய்விட்டது. தன் ஓவியங்களைக் கெடுப்பது பொருள்களே என்று அன்று தெளிந்தார்.

அவருக்கும், 1906 இலேயே இவ்வழியில் இறங்கிய சுவீடன் நாட்டு ஹில்மா ஆஃப் கிளின்டுக்கும், டச்சு ஓவியர் மொன்றியானுக்கும் பொதுவான ஒரு சங்கதி, மறைஞானம் தேடிய பிரம்மஞான சபை (தியோசொபிக்கல் சொசைட்டி). எண்ணங்களுக்கும் நிறமும் வடிவும் உண்டு என்று படம் போட்டு நூல் எழுதியவர்களில் ஒருவரான, அச்சபையின் லெட்பீட்டர் அதற்கு முன் கொழும்பில் இருந்தவர். ஆனந்தாக் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்கூடத்தின் முதல் அதிபர். சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஒல்கொட், கோட்டை ரயில் நிலையத்தின் முன்னால் சிலையாக நிற்கிறார். நம்மில் பலர் தினமும் அவரைச் சுற்றிக்கொண்டுதான் பஸ் பிடிக்கிறோம்.

சொல்லுக்கு வருகிறேன். என் முறைப்பாட்டையும் மீறி அருவத்துக்கு ஒரு நியாயம் உண்டு. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்தில் கும்பிடும் எவருக்கும் உருவம், அருவுருவம், அருவம் என்ற மூன்றும் புதிதல்ல. நடராசர் உருவம், இலிங்கம் அருவுருவம், இரண்டுக்கும் அப்பாலானது அருவம். ஆங்கிலம் ஒரே சொல்லில் குழப்பியடிப்பதை இது பிரித்துத் தருகிறது. 1943 இல் கொழும்பில் கூடிய நவீன ஓவியர்களான ’43 குழுவின் ஜோர்ஜ் கீட் தீட்டிய பெண்களில் கோடு எவ்வளவு புரண்டாலும் கண்ணும் கையும் தெரியும்: அருவுருவம். அதே குழுவின் ஜோர்ஜ் கிளாசன் பின்னாளில் எந்தப் பொருளையும் காட்டாமல் தீட்டியவை அருவம்.

இதன் கவர்ச்சியை விளக்கப் பெரிய தத்துவம் தேவையில்லை. வெள்ளவத்தைக் கடையில் சேலையை விரிக்கும்போது, கரையில் ஓடும் மஞ்சள் கோடு எதைக் குறிக்கிறது என்று எந்த மாமியும் கேட்பதில்லை. இந்த மஞ்சள் அந்தப் பச்சையோடு ஒத்துப்போகிறதா என்றுதான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறாள், மனம் ஒப்பாவிட்டால் இன்னும் இருபது சேலை விரிக்க வைக்கிறாள். அந்தக் கண்ணையே சட்டகத்தின் முன்னும் கொண்டுவரலாம்.

அழைப்பிதழ்காரரைத் தொலைபேசியில் பிடித்து, ‘அருவ’ என்று திருத்தச் சொன்னேன். மறுபதிப்பில் ‘அருவி ஓவியக் கண்காட்சி’ என்று வந்தது. அன்றிலிருந்து நான் ‘அரூப’ என்றே எழுதிக் கொடுக்கிறேன்.