சரக்குக் கப்பல் பின்னாடி இழுபடுற பட்டுத்துணி

கடல் சூடாகுது, மீன் இடம் மாறுதுங்கிறீங்களே, முன்ன எப்படி இருந்துச்சுன்னு யாரு பார்த்து எழுதி வெச்சான்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

கண்டத்திட்டுக் கடல் உங்களுக்குத் தெரியும், கரையை ஒட்டி சுமார் 200 மீட்டர் ஆழம் வரைக்கும் இருக்கிற பகுதி. உலகத்துல பிடிக்கிற மீன்ல பெரும்பகுதி அங்கதான், ஆத்துல வர்ற உரமும் குப்பையும் முதல்ல வந்து சேர்றதும் அங்கதான். ஐரோப்பாவோட வட கடலும் அப்படிப்பட்டதுதான், அதைச் சுத்தி பிரிட்டன், நார்வே, டென்மார்க், ஜெர்மனின்னு ஏகப்பட்ட நாடு, மீனுக்கு எல்லைக்கோடு தெரியாது, அதனால 1902லயே கோபன்ஹேகன்ல சர்வதேச கடல் ஆய்வு கவுன்சில் ஆரம்பிச்சாச்சு. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி அளந்தாத்தானே சேர்த்து வெச்சுப் பார்க்க முடியும்?

இங்கதான் பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி செஞ்ச மெஷின் வருது, எனக்கு இது மேல தனி பிரியம். சுமார் ஒரு மீட்டர் நீள உலோகக் கூடு, சரக்குக் கப்பலோ ஃபெர்ரியோ அது போற வழியிலயே பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போகும். மூக்குல சின்ன ஓட்டை, அது வழியா வர்ற தண்ணி பட்டுத்துணியில வடியும், பிளாங்க்டன், அதாவது கடல்ல மிதக்கிற பொடி உயிரினங்கள், மாட்டிக்கும், உடனே மேல இன்னொரு பட்டு வந்து மூடும், ரெண்டும் சேர்ந்து, கெட்டுப்போகாம வெக்கிற ஃபார்மலின் தொட்டிக்குள்ள பாட்டு கேசட் டேப் மாதிரி சுத்திக்கும். துணியை நகர்த்த மோட்டார் கிடையாது! கடந்து போற தண்ணியே வால்ல இருக்கிற ப்ரொப்பெல்லரைச் சுத்தும், அது கியர் வழியா துணியை இழுக்கும். கப்பல் வேகமா போனா துணியும் வேகமா, மெதுவா போனா மெதுவா, அதனால துணி அளக்கிறது நேரத்தை இல்ல, தூரத்தை. 10 கடல் மைலுக்கு சுமார் 10 செ.மீ. துணி. லேப்ல வெட்டினா எந்தத் துண்டு எந்த இடத்துலேர்ந்து வந்ததுன்னு சொல்லிடலாம், கப்பல்காரங்களுக்கு அறிவியலே தெரிய வேண்டாம், கடல்ல இறக்கணும், தூக்கணும், அவ்ளோதான்.

1931ல இங்கிலாந்தோட ஹல்லுலேர்ந்து ஜெர்மனியோட பிரேமனுக்குப் போற கப்பல் வழியில ஆரம்பிச்ச இந்த ஆய்வு இன்னும் ஓடுது. 80கள் கடைசியில பிரிட்டன்ல காசை நிறுத்தி கிட்டத்தட்ட மூடவே பார்த்தாங்க, 1990ல பல நாட்டுப் பணத்துல ஒரு அறக்கட்டளை வந்துதான் காப்பாத்துச்சு. வருஷா வருஷம் அதையே அளக்கிறதுல புதுசா என்ன இருக்குன்னு கேக்குறவங்க கையில ஆராய்ச்சி நிதியைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும், இது என் கருத்து.

காட் மீன் குஞ்சுக்குத் தீனியான, குளிரை விரும்புற கலானஸ்ங்கிற பிளாங்க்டன் இனம் வட கடல்ல குறைஞ்சு, சூட்டைத் தாங்குற அதோட சொந்தக்கார இனம் பெருகினது இந்தத் துணியிலதான் தெரிஞ்சது. இப்ப எவ்வளவோ நல்ல வலை இருக்கே, மாத்தலாமேன்னா, மாத்தின அன்னைக்கே பழசோட ஒப்பிட முடியாம போயிடும், அதனால அதே 270 மைக்ரான் கண்ணி உள்ள பட்டுதான். பழைய துணியையும் தூக்கிப் போடல. 2004ல பிரிட்டிஷ் கடல் விஞ்ஞானி ரிச்சர்ட் தாம்சன் குழு அதை எடுத்து மைக்ரோஸ்கோப்ல வெச்சப்போ 1960கள்ல சேர்த்த துண்டுலயே பிளாஸ்டிக் நூல் கிடந்துச்சு, சேர்த்தவங்க யாரும் அன்னைக்கு பிளாஸ்டிக்கைத் தேடவே இல்ல.