ஆக்கிரமிப்பு அந்நிய இனம்

மட்டக்களப்பில் "ஆக்கிரமிப்பு" என்றால் எவருக்கும் முதலில் காணிதான் நினைவுக்கு வரும். மேய்ச்சல் தரை, வாவிக்கரை என்று பத்திரிகைகளில் அடிக்கடி பார்க்கிற சொல். அதே சொல் உயிரியலுக்குள் வந்து மீனுக்கும் செடிக்கும் அடைமொழியாகும்போது கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். நஞ்சு முட்கள் கொண்ட கடல்மீனான சிங்கமீனைப் பற்றிய காணொளிகள் இப்போது கைபேசிகளில் நிறையச் சுற்றுகின்றன. புளோரிடாவில் சுழியோடிகள் அதைக் குத்திக் குத்தி எடுக்கிறார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு, நம் கரையிலுள்ள பாசிக்குடாவில் அந்த மீனைக் கண்டால் நாமும் குத்த வேண்டுமோ என்ற கேள்வி வருவது இயல்பு. வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது இந்தச் சொல்லின் பொருளுக்குள்ளேயே இருக்கிறது.

ஓர் உயிரினம் தன் இயற்கையான வாழிடத்துக்கு வெளியே, தெரிந்தோ தெரியாமலோ மனிதரால் கொண்டுபோய்ச் சேர்க்கப்படுகிறது. அங்கே பெருகி, அங்குள்ள உயிர்களுக்கோ மனிதரின் பிழைப்புக்கோ கேடு செய்கிறது. அப்போதுதான் அது ஆக்கிரமிப்பு அந்நிய இனம். வெளியே இருந்து வந்தால் மட்டும் போதாது, கேடு செய்தால் மட்டும் போதாது, இரண்டும் சேர வேண்டும். 1992 இன் உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தில் 8 ஆம் உறுப்புரையும் இப்படித்தான் பேசுகிறது: சூழல் தொகுதிகளையும் வாழிடங்களையும் இனங்களையும் அச்சுறுத்தும் அந்நிய இனங்கள் உள்ளே வராமல் தடுப்பது, வந்தவற்றைக் கட்டுப்படுத்துவது அல்லது ஒழிப்பது.

சொல்லின் வேரைப் பார்த்தால், ஆக்கிரமிப்பு வடமொழி வழி வந்தது. "க்ரம்" என்றால் அடியெடுத்து வைத்தல். "ஆ" என்ற முன்னொட்டுச் சேர, ஒன்றின்மேல் கால்வைத்து ஏறுதல் என்றாகிறது. கிரமம், விக்கிரமம், பராக்கிரமம் எல்லாம் அதே வேர்தான். ஆங்கிலத்தின் "இன்வேசிவ்" இலத்தீன் "இன்வாதேரே"யிலிருந்து வந்தது. அதன் பொருள் உள்ளே நடந்து போதல். இரண்டு மொழியிலும் காலடிதான், பாவம், மீனுக்குக் கால் இல்லை. படையெடுப்பு என்ற உருவகத்தை உயிரியலில் ஊன்றியதில் பெரும் பங்கு சார்ள்ஸ் எல்ட்டன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளருக்கு உண்டு. 1958 இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிறகே இந்தப் பேச்சு ஒரு துறையாக வளர்ந்தது.

இனி மீன். சிங்கமீனின் பேரினம் "தெரொயிஸ்". கிரேக்கத்தில் சிறகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இங்கே பேச வேண்டியவை இரண்டு இனங்கள். ஒன்று "வொலிடான்ஸ்", படபடத்துப் பறப்பது என்று பொருள். பசிபிக் பக்கத்து மீன். மற்றது "மைல்ஸ்", போர்வீரன் என்று பொருள். இந்து சமுத்திரத்து மீன், நம்முடையது. நம்முடையது என்று சும்மா சொல்லவில்லை. இலங்கையில் அரசுப் பணியிலிருந்த பெனட் என்ற ஆங்கிலேயர் 1828 இல் இலங்கைக் கடல் மீன் ஒன்றை வைத்துத்தான் அந்தப் பெயரைச் சூட்டினார். மத்தியதரைக் கடலில் இன்று பெருந்தலைவலியாக இருக்கும் மீனின் அறிவியற் பெயர் நம் கரையில் பிறந்தது.

1985 இல் புளோரிடாக் கரையில் முதல் சிங்கமீன் அகப்பட்டது. 1992 இன் அண்ட்ரூ சூறாவளியில் ஒரு வீட்டு மீன்தொட்டி உடைந்து அதிலிருந்துதான் எல்லாம் பரவியது என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை, ஆனால் மீன் ஏழு வருடம் முந்திவிட்டதே! வளர்ப்பவர்கள் அலுத்துப்போய்க் கடலில் விட்டார்கள் என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் காரணம். 2000 க்குப் பிறகு அமெரிக்காவின் கிழக்குக் கரை, பஹாமாஸ், கரீபியன், மெக்சிக்கோ வளைகுடா என்று பரவி, பிரேசில் வரை போய்விட்டது. ஒரு பெண் மீன் வருடத்துக்குச் சுமார் 20 இலட்சம் முட்டை இடக்கூடியது. நஞ்சுள்ள முட்கள் 18. அங்குள்ள சிறு மீன்களுக்கு இப்படியொரு வேட்டைக்காரனைப் பார்த்த பழக்கமே இல்லை, அதனால் ஓடுவதுமில்லை. பஹாமாஸில் சிறு பாறைத் திட்டுகளில் நடத்தி 2008 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிங்கமீன் விடப்பட்ட திட்டுகளில் புதிதாக வந்து சேரும் குஞ்சுமீன்கள் ஐந்து வாரத்தில் 79 சதவீதம் குறைந்தன.

மத்தியதரைக் கடலுக்கு "மைல்ஸ்" போனது வேறு வழியில். 1869 இல் திறந்த சுயஸ் கால்வாயே வாசல். அப்படிப் போகும் உயிரினங்களுக்கு, கால்வாயை வெட்டுவித்த லெசெப்ஸின் பெயரால் "லெசெப்சியன்" இனங்கள் என்றே பெயர். 1991 இல் இஸ்ரேல் கரையில் ஒரு மீன் பதிவானது. இருபது வருடம் அடங்கிக் கிடந்து, 2012 க்குப் பிறகு பெருகி, சைப்பிரஸையும் தாண்டிப் பரவியது.

கட்டுப்படுத்தும் முயற்சிகளில் இதுவரை பலன் தருவது கையால் குத்தி எடுப்பதுதான். இதற்கென்றே போட்டி வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். புளோரிடாவில் உயிருள்ள சிங்கமீனை இறக்குமதி செய்ய 2014 இல் தடை வந்தது. சாப்பிடவும் சொல்கிறார்கள், நஞ்சு முள்ளில்தான், சதை ருசியானது. ஆனால் சுழியோடி இறங்க முடியாத ஆழத்திலும் இந்த மீன் இருப்பதால், முற்றாக ஒழிப்பதைப் பற்றி இப்போது பெரிதாக யாரும் பேசுவதில்லை. குறிப்பிட்ட பாறைகளில் எண்ணிக்கையைத் தாழ்த்தி வைப்பதே இலக்கு. சுறாவுக்கும் களவாவுக்கும் குத்திய மீனை ஊட்டிப் பழக்கிப் பார்த்தார்கள். அவை சிங்கமீனைத் தேடிப்போகாமல் சுழியோடிகளின் பின்னால் திரிய ஆரம்பித்தன.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? "வந்தேறி" என்று சிலர் எழுதுகிறார்கள். மனிதரை இழிவாகப் பேசப் பயன்பட்ட சொல், கிழக்கு மாகாணத்தில் இருந்துகொண்டு அதை நான் தொடமாட்டேன். "ஊடுருவும் இனம்" போர்க்காலச் செய்தியறிக்கை போல ஒலிக்கிறது, தவிர, ஒளிந்து வருவது என்ற பொருள் அதில் ஏறிவிடுகிறது. சிங்கமீன் ஒளிந்து வரவில்லை, காசு கொடுத்து வாங்கப்பட்டது. "அயல் இனம்" தமிழகத்தில் பொருந்தும். நமக்கு அயல் என்றால் அயலட்டை, கறி கொடுத்து வாங்கும் பக்கத்து வீடு. எதிர்ப் பொருளே வந்துவிடும்.

என்னுடைய விருப்பம் "களை". வயலுக்குள் நின்றால் கோரை களை, வெளியே அதுவே பாய்க்குப் புல். களை என்ற சொல்லுக்குள் இடமும் கேடும் ஏற்கெனவே இருக்கின்றன. பெயராகவும் வினையாகவும் நிற்பதால் "களைதல்" என்று கட்டுப்பாட்டு வேலைக்கும் அதுவே உதவும். அத்திலாந்திக்கின் களைமீன் என்று தாராளமாக எழுதலாம். (முகக்களையிலும் அந்த மீனுக்குக் குறைவில்லை.) பரீட்சைத் தாளிலும் அரச ஆவணத்திலும் "ஆக்கிரமிப்பு அந்நிய இனம்" என்றே எழுதுங்கள். ஆனால் நடுவிலுள்ள "அந்நிய"வை விழுங்கிவிடாதீர்கள், எங்கே என்பதையும் விடாதீர்கள். ஏழாம் வேற்றுமை இல்லாமல் இந்தத் தொடர் முழுமையாகாது: அத்திலாந்திக்கில் ஆக்கிரமிப்பு இனம், பாசிக்குடாவில் சுதேச இனம். இங்கே அதன் இரைக்கு அதைத் தெரியும், பாறையில் அதற்கென்று ஓர் இடமும் உண்டு. 2019 இல் கடல்சார் சரணாலயமான காயான்கேணியில் அதைக் குத்துவது எந்த வகையிலும் தொண்டாகாது.

நம் பக்கத்தில் இந்தப் பெயருக்கு உரியது ஆற்றுவாழை. நீரில் மிதந்து வளரும் தென்னமெரிக்கச் செடி, சிங்களத்தில் அதன் பெயரோ "ஜப்பான் ஜபர"! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. 1909 இலேயே அதை ஒழிக்கச் சட்டம் போட வேண்டியிருந்தது. இன்றும் நீர்நிலைகளை அது மூடுகிறது. திலாப்பியா விடயம் இவ்வளவு இலகுவில்லை. 1952 இல் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க இனம், அந்நியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அம்பாறையில் சேனாநாயக்க சமுத்திரத்தை நம்பி வலை வீசுகிறவரிடம் போய் அதை ஆக்கிரமிப்பு இனம் என்று சொல்லிப் பாருங்கள். சுதேச மீன்களுக்கு அது எவ்வளவு கேடு என்ற வாதம் ஆய்வாளர்களிடையே உண்டு. அது தீரும்வரை வெறும் "அந்நிய இனம்" என்று எழுதினால் போதும்.