"தாத்தா சொன்னாரு மிஸ்" சான்று ஆகாது

போன சனிக்கிழமை ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் தம்பி ஒருவன் நூலகத்துக்கு வந்து போனை நீட்டினான். தான் வசிக்கும் மலையகத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவன் விக்கிப்பீடியாவில் எழுதிய கட்டுரையை நீக்கிவிட்டார்களாம். "தோட்டத்து ஆளுங்கன்னா எல்லாருக்கும் இளக்காரந்தான் மிஸ்" என்றான். இந்த வருடம் இதே முறைப்பாட்டோடு என் மேசைக்கு வந்த ஐந்தாவது ஆள்.

அவன் சேமித்து வைத்திருந்த பிரதியை வாசித்தேன். "இயற்கை எழில் கொஞ்சும்" என்று ஆரம்பம். நடுவில் கோயில் தேர், தலைவரின் சேவை. முடிவில் ஒரு கவிதை. மேற்கோள் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "தாத்தா சொன்னாரு மிஸ்" என்கிறான். எனக்கே நீக்கத் தோன்றியது.

யாரும் எழுதலாம் என்றால் எதையும் எழுதலாம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்னை எரிச்சல்படுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 1940இல் முல்லோயா தோட்டத்து வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டபோது உங்கள் தாத்தாவின் அப்பா அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம். பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை வாசிக்கிறவர் கனடாவிலோ காரைக்குடியிலோ இருப்பார். உங்கள் லயத்து வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் விசாரிக்கவா முடியும்? எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், எந்தத் தேதிப் பத்திரிகை என்று போட்டால் அவரே எடுத்துப் பார்த்துக்கொள்வார். இருபது வருடம் நூலகத்தில் குப்பை கொட்டிய என் வாய்ச்சொல்லும் அங்கே செல்லாது.

நம்மைப் பற்றி அச்சில் இருப்பது குறைவு என்பது உண்மை. அந்த வலி எனக்கும் உண்டு. அதற்கு வழி, தாத்தா சொல்வதைப் பதிவு செய்து, பெயர் தேதியோடு எழுதி, முதலில் பத்திரிகைக்கோ பாடசாலை மலருக்கோ கொடுப்பதுதான். ஆசிரியர் ஒருவர் பார்த்து அச்சில் வந்தபிறகு மேற்கோள் காட்ட ஏதாவது இருக்கும்.

அப்புறம் இந்த அடைமொழிகள். "கொடூரமான குடியுரிமைச் சட்டம்" என்று எழுதினால் அடுத்த தொகுப்பாளர் "கொடூரமான" என்பதை வெட்டிவிடுவார், சண்டை தொடங்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் என்று எழுதுங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் நாடற்றவர்களான நம் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்களே, அதை எழுதுங்கள். அதை எவரும் வெட்ட மாட்டார்.

புத்தகத்தைப் பார்த்து அப்படியே தட்டாதீர்கள்; பதிப்புரிமை மீறல். உங்களைப் பற்றியோ உங்கள் மாமாவைப் பற்றியோ எழுதவே வேண்டாம். முதல் நாளே புதுக் கட்டுரை எதற்கு? ஏற்கெனவே உள்ள ஊர்க் கட்டுரையில் இரண்டு வரியை மேற்கோளோடு சேருங்கள். பெரிதாக எழுத ஆசையா, எழுதிப் பார்க்கவென்றே விக்கிப்பீடியாவில் இருக்கும் மணல்தொட்டிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். தோட்டத்துக்கு நாம் கூப்பிடும் பெயர் ஒன்று, கம்பனிப் பெயர் ஒன்று இருந்தால், ஒன்றைத் தேடினாலும் மற்றதற்குப் போய்ச் சேரும்படி வழிமாற்று போடுங்கள். நீக்கிவிட்டால் கோபத்தில் அதையே மறுபடி ஏற்றாதீர்கள். நீக்கிய நிர்வாகியின் பேச்சுப் பக்கத்தில் மரியாதையாகக் கேளுங்கள். நீக்கிய கட்டுரையை அவரால் திருப்பி எடுத்துத் தர முடியும். தம்பிக்கும் அப்படித்தான் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கோயில் கும்பாபிஷேக மலர், சங்கத் துண்டுப்பிரசுரம், பழைய பாடசாலைச் சஞ்சிகை எதையும் பழைய பேப்பர்காரருக்கு எடை போடாதீர்கள். "நூலகம்" என்ற இணைய நூலகத்தை நடத்தும் நிறுவனத்தார் 2005இலிருந்து இவற்றைத்தான் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். வீட்டில் இருந்தால் கொண்டுவாருங்கள். சனிக்கிழமைகளில் நான் இருப்பேன்.