காரின் வேகம் தெரியாமலே பிரேக்கை ஆளும் ஏபிஎஸ்

பலமாகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகிவிடாமல், அதாவது சுழலாமல் நின்றுவிடாமல், பார்த்துக்கொள்ளும் அமைப்புதான் ஏபிஎஸ். பிரேக் வேலை செய்ய வேண்டுமானால் சக்கரம் வண்டியைவிடச் சற்று மெதுவாகச் சுழல வேண்டும். டயரின் ரப்பர் சாலைமேல் கொஞ்சம் இழுபட்டால்தான் வண்டியைத் தடுக்கும் விசை பிறக்கும். இந்த வேக வித்தியாசத்தை வழுக்கல் என்கிறோம். கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது சக்கரத்தின் விளிம்பு 85 கி.மீ. வேகத்தில் சுழன்றால் வழுக்கல் 15 சதவீதம். சக்கரம் லாக் ஆகி டயர் அப்படியே தேய்த்துக்கொண்டு போனால் 100 சதவீதம்.

தார்ச்சாலையில் பொதுவாக 10 முதல் 20 சதவீத வழுக்கலில்தான் பிடிமானம் உச்சத்தைத் தொடுகிறது. அதைத் தாண்டினால் குறைய ஆரம்பிக்கும். பக்கவாட்டுப் பிடிமானத்தின் நிலை இன்னும் மோசம். வழுக்கல் ஏற ஏற அது மளமளவென்று சரிந்து, சக்கரம் லாக் ஆனதும் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. முன்சக்கரங்கள் லாக் ஆன காரில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே போவது இதனால்தான். ஏபிஎஸ் என்றால் சீக்கிரம் நிற்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பிரேக்கை முழுதாக மிதித்தபடியே வண்டியைத் திருப்பவும் முடிகிறதே, அதுதான் அதன் பெரிய கொடை.

அப்படியானால் வழுக்கலை 15 சதவீதத்தில் பிடித்து வைத்துவிட்டால் போதுமே? அங்கேதான் சிக்கல். உச்சத்தைத் தாண்டிய சக்கரம் தானாக நிலைகொள்ளாது. பிடிமானம் குறைவதால் சாலை அதைச் சுழற்றும் விசை குறைகிறது, பிரேக்கின் பிடியோ அப்படியே இருக்கிறது. சக்கரம் இன்னும் மெதுவாகிறது, பிடிமானம் இன்னும் குறைகிறது. நொடியின் சிறு பகுதிக்குள் கதை முடிந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வழுக்கலைக் கணக்கிட இரண்டு எண்கள் வேண்டும்: சக்கரத்தின் வேகம், காரின் வேகம். முதலாவது எளிது. சக்கரத்தோடு சுழலும் பல்வளையம் ஒன்றும், அதன் பற்கள் கடந்துபோவதைக் கவனிக்கும் சென்சார் ஒன்றும் போதும். இப்போது பல கார்களில் பற்களுக்குப் பதில் காந்தப் பட்டைகள் இருக்கின்றன. வளையத்தில் 48 பற்கள், டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு சுமார் 670 துடிப்புகள் கணினிக்கு வந்து சேரும். ஆனால் காரின் உண்மையான வேகத்தைச் சொல்ல வழக்கமான ஏபிஎஸ்ஸில் தனிக் கருவி கிடையாது. ஓடும் காரின் வேகத்தையும் சக்கரங்களிடம்தான் கேட்க வேண்டும். பலமாகப் பிரேக் பிடிக்கும் நேரத்திலோ நான்கு சக்கரங்களுமே வண்டியைவிட மெதுவாகத்தான் சுழன்றுகொண்டிருக்கும்.

இதை மீறிவரும் வழி அழகானது. மிக நல்ல சாலையிலும் சாதாரணக் காரின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 35 கி.மீ.க்கு மேல் குறையாது. டயரின் பிடிமானம் அவ்வளவுதான். சக்கரத்தின் வேகம் அதைப்போலப் பல மடங்கு விரைவாக இறங்குகிறது என்றால், கார் அப்படி நின்றிருக்க வாய்ப்பே இல்லை, சக்கரம் மட்டும்தான் நிற்கப் போகிறது. ஆகவே கணினி சக்கரங்களின் வேகங்களிலிருந்து ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு, காரால் முடிந்த அளவு சரிவில் அதைக் கீழே இறக்கிக்கொண்டே வருகிறது. அதுதான் அதன் கைவசமுள்ள 'காரின் வேகம்'. முழுக்க முழுக்க ஊகம், ஆனால் இயற்பியலின் வேலிக்குள் நிற்கும் ஊகம்.

இப்போது ஒரு சக்கரத்தை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். அதன் பிரேக்குக்குப் போகும் ஆயில் வழியில் இரண்டு மின்வால்வுகள். உள்வழி வால்வு சாதாரணமாகத் திறந்தும், வெளிவழி வால்வு மூடியும் இருக்கும். நீங்கள் மிதிக்கிறீர்கள், அழுத்தம் ஏறுகிறது, சக்கரம் திடீரென்று நிற்கப் பார்க்கிறது. கணினி முதலில் உள்வழியை மூடுகிறது. நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் அந்தச் சக்கரத்தில் அழுத்தம் இனி ஏறாது. வழுக்கல் எல்லையைத் தாண்டினால் வெளிவழி திறந்து கொஞ்சம் ஆயில் வெளியேறும், பம்ப் அதை, பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் திருப்பி அனுப்பும். காலுக்கடியில் பெடல் படபடப்பது இதனால்தான். பிடி தளர்ந்ததும் சாலை சக்கரத்தை மறுபடி சுழற்றிவிடுகிறது. உடனே வெளிவழியை மூடி, உள்வழியை விட்டுவிட்டுத் திறந்து, கணினி அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுகிறது. அடுத்த முறை சக்கரம் தடுமாறும்வரை. நொடிக்குப் பல தடவை இது நடக்கிறது.

பிடியைத் தளர்த்தும் அந்தக் கணத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. சக்கரம் மீண்டும் வண்டியின் வேகத்தை நெருங்கும்போது, கணினி தன் ஊகத்தைச் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. சக்கரம் எவ்வளவு விரைவாக மீள்கிறது என்பது சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறது. காய்ந்த தாரில் சட்டென்று எழும், பனிக்கட்டியில் தயங்கித் தயங்கி எழும். அதற்கேற்ப அழுத்தம் ஏற்றும் வேகம் மாறும். சாலையின் உராய்வை அளக்கும் கருவி எதுவும் இல்லாமல், எல்லையைத் தொட்டுத் தொட்டே எல்லையைக் கண்டுபிடிக்கும் இந்த முறையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதே எண்ணத்தை மின்னணு இல்லாமலே செய்தவர்களும் உண்டு. 1950களில் விமானங்களுக்கு வந்த டன்லப் நிறுவனத்தின் மாக்ஸரெட் கருவியில் சக்கரத்தோடு சுழலும் சிறு சுழல்தட்டு இருந்தது. சக்கரம் திடீரென மெதுவானால் தட்டு தன் வேகத்தில் முந்திச் சென்று, வால்வைத் திறந்து பிரேக்கைத் தளர்த்தும். 1966இல் ஜென்சன் எஃப்எஃப் காரில் இதே அமைப்பு பொருத்தப்பட்டது. நான்கு சக்கரங்களுக்கும் எண்முறை மின்னணு வைத்து 1978இல் போஷ் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பு மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் முதலில் விற்பனைக்கு வந்தது.

பின்சக்கரங்களுக்குப் பல கார்களில் தனிக் கணக்கு. இரண்டில் எதற்குப் பிடிமானம் குறைவோ அதற்கேற்ற அழுத்தமே இரண்டுக்கும் கிடைக்கும். சிறிது பிரேக் விசை வீணாகும்தான். ஆனால் பின்பக்கம் பக்கவாட்டுப் பிடியை இழந்தால் கார் சுழன்றுவிடும் என்பதால் அந்த நஷ்டம் தாராளமாகத் தாங்கக்கூடியது.

தளர்ந்த சரளைக்கல்லிலும் புதுப்பனியிலும் மட்டும் கணக்கு தலைகீழாகலாம். லாக் ஆன டயர் முன்னால் கல்லையும் பனியையும் குவித்து, அந்தக் குவியலே வண்டியைத் தடுக்கும். சுழலும் டயருக்கு அந்த உதவி கிடைக்காததால் ஏபிஎஸ் உள்ள கார் சற்றுக் கூடுதல் தூரம் ஓடும். அங்கும் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும். பெடல் அதிர்கிறதே என்று பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், விட்டுவிட்டு மிதிக்கவும் வேண்டாம். முழுதாக மிதித்தபடியே இருங்கள், தப்பிக்க வழியிருக்கும் பக்கம் வண்டியைத் திருப்புங்கள்.