அட்மிரல்: தோளில் இருப்பதா, நாற்காலியில் இருப்பதா?

‘கடற்படைத் தளபதி மாற்றம்’ என்று ஒரு வரிச் செய்தி வந்தால், மாறியது யார் என்று தமிழில் சட்டென்று பிடிபடாது. நாட்டின் முழுக் கடற்படைக்கும் தலைவரா, ஒரு கப்பலணிக்குத் தலைவரா? அட்மிரல், கமாண்டர்-இன்-சீஃப், சில சமயம் வெறும் கமாண்டர், எல்லாவற்றுக்கும் ‘தளபதி’ போட்டுவிடுகிறோம்.

அட்மிரல் பிறந்தது அரபியில். ‘அமீர்’ என்றால் ஆணையிடுபவன், தலைவன். ‘அமீர் அல் பஹ்ர்’ என்றால் கடலின் தலைவன். இதில் கடலைக் குறிக்கும் ‘பஹ்ர்’ உதிர்ந்து, ‘அமீர் அல்’ மட்டும் ஐரோப்பாவுக்குப் போனது என்பது வழக்கமான விளக்கம். ஆக, அட்மிரல் என்ற சொல்லுக்குள் கடலே கிடையாது! 12ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவை ஆண்ட நார்மன் மன்னர்கள் இதைத் தங்கள் கப்பல்படைத் தலைவருக்குப் பட்டமாக்கினார்கள். நடுவில் இருக்கும் ‘ட்’? வியத்தலைக் குறிக்கும் லத்தீன் சொல் ‘அட்மிராரி’யோடு குழப்பிக்கொண்டதால் ஒட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘ட்’ இல்லாமல் ‘அமிரால்’ என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, இது தரநிலையா, பதவியா? தரநிலைதான். ஆனால் போருக்கு முன் நடக்கும் தலைமை மாற்றங்களில் இரண்டும் பின்னிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்கு முன், அதன் கப்பலணியை ஹவாயிலுள்ள பெர்ல் ஹார்பர் துறைமுகத்தில் நிறுத்தி வைப்பது சரியில்லை என்று அதிபர் ரூஸ்வெல்ட்டிடமே வாதாடிய அட்மிரல் ரிச்சர்ட்சன் மாற்றப்பட்டார். 1941 பிப்ரவரி 1 அன்று பென்சில்வேனியா போர்க்கப்பலின் மேல்தளத்தில் அவருக்குப் பதிலாகக் கிம்மெல் பொறுப்பேற்றார். அதுவரை கிம்மெல் ரியர் அட்மிரல், அதாவது இரண்டு நட்சத்திரம். பசிபிக் கப்பலணியின் தலைமை கைக்கு வந்ததும் நான்கு நட்சத்திர அட்மிரல் ஆனார். ஆனால் அந்தத் தரநிலை தற்காலிகமானது. பெர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய பத்தாவது நாள், டிசம்பர் 17 அன்று, பதவி போனது. நட்சத்திரங்களில் இரண்டும் கூடவே போயின. பதவி நாற்காலியில் இருப்பது, தரநிலை தோளில் இருப்பது என்பார்கள். இங்கே நாற்காலி போனதும் தோளும் இளைத்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தில் கதை வேறு. 1939 ஆகஸ்ட் கடைசியில் ஜப்பானின் கூட்டுக் கப்பலணிக்குத் தலைவரானபோது யமமோட்டோ வைஸ் அட்மிரல்தான், அதாவது அட்மிரலுக்கு ஒரு படி கீழே. முழு அட்மிரல் ஆனது 1940 நவம்பரில். அவ்வளவு பெரிய கப்பலணியை ஓராண்டுக்கு மேல் அட்மிரல் ஆகாமலேயே நடத்தியிருக்கிறார்.

பிரிட்டனில் 1914 ஆகஸ்ட் 4 அன்று, முதல் உலகப் போர் அறிவிப்புக்குச் சில மணி நேரமே இருக்கும்போது, நாட்டின் முதன்மைக் கப்பலணியின் தலைமை கல்லஹானிடமிருந்து ஜெல்லிக்கோவுக்குக் கைமாறியது. ‘இந்த நேரத்தில் மாற்ற வேண்டாம்’ என்று தந்தி மேல் தந்தி அடித்தவர், பதவியைப் பெறவிருந்த ஜெல்லிக்கோவேதான். மேலிடம் கேட்கவில்லை. அவருக்கும் பதவியோடுதான் அட்மிரல் தரநிலை வந்தது.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘தளபதி’யில் தளம் என்பது படை, பதி என்பது தலைவன், இரண்டும் வடசொல். படைத்தலைவன் என்பது நம் சொல். ஆனால் இரண்டுமே பதவியைச் சொல்லும், தரநிலையைச் சொல்லாது. சிலர் ‘மீகாமன்’ என்று எழுதுகிறார்கள். அழகான பழஞ்சொல்தான், ஆனால் மீகாமன் ஒரு கலத்தைச் செலுத்துபவன்; நூறு கலங்களுக்குத் தலைவனை அப்படி அழைத்தால் பதவியிறக்கம் ஆகிவிடும். என் வழக்கம் இது: தரநிலைக்கு அட்மிரல் என்றே எழுதுவது, பதவிக்குக் கப்பலணித் தளபதி, முழுக் கடற்படைக்கும் மேலே இருப்பவருக்குக் கடற்படைத் தலைமைத் தளபதி. அப்படி எழுதினால், ‘ரியர் அட்மிரல் கிம்மெல் பசிபிக் கப்பலணித் தளபதியானார்’ என்ற வாக்கியத்தில் குழப்பம் இராது.

ரியர் அட்மிரலைப் ‘பின்புற அட்மிரல்’ என்று பெயர்த்தால் சிரிப்புத்தான் வரும். பாய்மரக் காலத்தில் கப்பலணியை முன், நடு, பின் என்று மூன்றாகப் பிரித்து, பின்பிரிவை நடத்தியவருக்கு வந்த பெயர் அது. முன்னே போகும் படைக்குத் ‘தூசி’, பின்னே வருவதற்குக் ‘கூழை’ என்று தமிழிலேயே சொல் உண்டு. கூழைத்தலைவர் என்று ஆக்கலாம், இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் கூழைக்கும்பிடு மட்டுமே தெரிந்த இன்றைய வாசகரிடம் அந்தப் பட்டத்தை எந்த முகத்தோடு நீட்டுவது?