முடி காயும் அந்த ஒரு மணி நேரம்

குளித்துவிட்டுக் கிளம்பும்போது படிந்து கிடந்த அலை முடி, பஸ் ஸ்டாப் போய்ச் சேர்வதற்குள் பொம்மென்று எழும்பி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பார்லரில் கேட்டால் "உங்க முடி ரொம்ப டிரை" என்று ஒரு சீரம் பாட்டிலை நீட்டுவார்கள். வறட்சி மட்டும்தான் காரணம் என்றால் மழைக்காலத்தில் தானாகவே சரியாகிவிட வேண்டுமே! அப்போதுதானே பரட்டை உச்சத்துக்குப் போகிறது?

முடி காற்றின் ஈரத்துக்கு எவ்வளவு நுட்பமாக அசைந்துகொடுக்கும் என்பது பழைய செய்தி. ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர் என்ற அறிவியலாளர், காற்றின் ஈரப்பதத்தை மனித முடியை வைத்தே அளக்கும் கருவி ஒன்றைச் செய்து, 1783-ல் அதைப் பற்றி எழுதினார். ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும், அந்த அசைவில் முள் திரும்பும். முழு வறட்சியிலிருந்து முழு ஈரம் வரை போனாலும் முடி நீள்வது 2 முதல் 2.5 விழுக்காடுதான். அந்தத் துளி அசைவை நம்பி 20-ஆம் நூற்றாண்டிலும் வானிலை நிலையங்களில் முடிக் கருவிகள் ஓடின. சோசூர் செய்த இன்னொரு காரியம் நமக்கு முக்கியம். கருவியில் பூட்டுவதற்கு முன் முடியைச் சோடா கரைத்த நீரில் கொதிக்கவைத்து, அதிலிருந்த எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டார். பசை போன முடிதான் ஈரத்துக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும். நமக்கு வேண்டியதோ பதில் சொல்லாத முடி. ஆக, சோசூர் செய்ததற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும்.

முடிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஒரு முடியின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் வெளிப்பக்கம் மெல்லிய செதில்கள் பல அடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விளிம்புகள் நுனியைப் பார்த்தபடி படிந்திருக்கும். உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வேரிலிருந்து நுனிக்கு விரலால் உருவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் விரல் தடுக்கும். தடுப்பது அந்தச் செதில் விளிம்புகள்தான். உள்ளே இருப்பது கெரட்டின் என்ற புரதம், நீளநீளமான இழைகளாக. இந்த இழைகளை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. ஒன்று கந்தகப் பிணைப்பு. இது கெட்டியானது, தண்ணீருக்கெல்லாம் மசியாது. பார்லரில் நிரந்தரமாக நேராக்குகிறோம், சுருட்டுகிறோம் என்று தடவும் ரசாயனங்கள் உடைப்பது இதைத்தான். இன்னொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் நோஞ்சான், ஆனால் எண்ணிக்கை மிக அதிகம். தண்ணீர் பட்டதும் விட்டுவிடும், காய்ந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

எந்த வடிவத்தில் பிடித்துக்கொள்ளும்? காயும் நேரத்தில் முடி எப்படிக் கிடந்ததோ, அதே வடிவத்தில். காட்டன் சட்டையும் இப்படித்தான். பிழிந்த ஈரத்தோடு சுருட்டிப் போட்டால் அத்தனை கசங்கலோடும் காயும், உதறி ஹேங்கரில் மாட்டினால் ஓரளவு நேராகக் காயும். பருத்தியில் இருப்பது செல்லுலோஸ், முடியில் இருப்பது கெரட்டின் என்றாலும் இரண்டிலும் வேலை செய்வது ஹைட்ரஜன் பிணைப்புதான். சூடில்லாமல் முடியைப் பழக்கும் அத்தனை வீட்டு முறைகளும் கடைசியில் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கின்றன. முடி ஈரத்திலிருந்து காய்ந்த நிலைக்குப் போகும் அந்த ஒரு மணி நேரம், அல்லது அடர்த்தியான தலையானால் இரண்டு மூன்று மணி நேரம், அது எப்படிக் கழிகிறது என்பதே கேள்வி.

காற்றின் ஈரமும் தண்ணீர்தான். ஈரப்பதம் 100 விழுக்காட்டை நெருங்கும்போது முடி தன் எடையில் சுமார் 30 விழுக்காடு வரை நீரை உறிஞ்சிக்கொள்ளும், குறுக்களவில் 15 விழுக்காடு அளவுக்கு உப்பும். காலையில் அமைந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒவ்வொன்றாக விட்டுப்போய்ப் புதிய இடங்களில் பிடிக்கும். எல்லா முடியும் ஒரே அளவில் நீரைக் குடித்தால் தலை மொத்தமாகக் கொஞ்சம் வடிவம் மாறும், அவ்வளவுதான். அப்படிக் குடிப்பதில்லை என்பதுதான் சிக்கல். வேரருகே புது முடி, நுனியில் பழைய முடி. முடி ஆண்டுக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வளர்கிறது. முதுகைத் தொடும் 45 சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு மூன்று வயது. மூன்று வருட வெயில், சீப்பு, துண்டு, ஷாம்பு எல்லாம் அதன்மேல் போயிருக்கும். புது முடியின் செதில்கள்மேல் வேதிப் பிணைப்பால் ஒட்டிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. அதன் முக்கியச் சரக்கு 18-மெத்தில் ஐகோசனோயிக் அமிலம். தண்ணீரை விலக்கும் வேலை அதனுடையது. ப்ளீச் செய்தால் ஒரே நாளில் போய்விடும், இல்லாவிட்டாலும் நாள்பட உராய்விலும் வெயிலிலும் தேயும். போனால் திரும்ப முளைக்காது, ஏனென்றால் முடியின் தண்டு உயிரில்லாத பொருள்.

நேரான முடி கொஞ்சம் உப்பினாலும் பக்கத்து முடியோடு ஒட்டியே கிடக்கும். அலை முடிக்கு அந்த வசதி இல்லை. தோலுக்குள் முடி முளைக்கும் குழியின் வடிவத்திலிருந்தே அலை தொடங்குகிறது, ஒவ்வொரு முடியின் வளைவும் சற்று வேறு. சேர்ந்து காய்ந்தபோது பத்துப் பதினைந்து முடிகள் ஒரே வளைவில் கற்றையாகப் பிடித்திருந்தன, ஈரக் காற்று பட்டதும் ஒவ்வொன்றும் தன் வழியே போகிறது. தலைத்தோலில் சுரக்கும் இயற்கை எண்ணெயும் வளைவுகளில் இறங்கி நுனிவரை போய்ச் சேருவதில்லை. எனவே பரட்டை என்பது கற்றை கலைந்த நிலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் எது பயன்படும், எது பயன்படாது என்பது ஓரளவு தானாகவே விளங்கிவிடும்.

குளிப்பதிலிருந்து தொடங்கலாம். குளியல் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். அதன் பி.எச். (அமில, கார அளவு) 9, 10 என்று காரப் பக்கம் இருக்கும், செதில் தூக்கிக்கொள்ளும். போர்வெல் உப்புத் தண்ணீராக இருந்தால் அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக முடியில் படியும். சீயக்காய், அரப்பு இரண்டிலும் நுரைப்பது சபோனின், அது இந்தப் பிசுக்கைத் தராது. ஆனால் பொடியைக் குழைத்துத் தலையில் போட்டுப் பரபரவென்று தேய்ப்பது அலை முடிக்கு ஆகாது, துகள்கள் செதிலை உராயும். கொதிக்கவைத்து வடிகட்டிய தண்ணீர் போதும்.

எண்ணெயைக் குளிப்பதற்கு முன் வைக்கச் சொல்லும் நம் வழக்கத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த ரேலே, மொஹிலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-ல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடி புரதத்தை இழப்பதைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடியின் தண்டுக்குள் புகுந்துவிடும். உள்ளே எண்ணெய் இருந்தால் குளிக்கும்போது முடி குறைவாக உப்பும், செதில் குறைவாகச் சேதமாகும். (அந்த ஆய்வாளர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றில் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் உள்ளே போகிறது என்பது பின்னர் வேறு ஆய்வுகளிலும் தெரிந்ததுதான்.) முட்டை விஷயம் அப்படியல்ல. வெள்ளைக்கருவின் புரதம் மிகப் பெரிய மூலக்கூறு, முடிக்குள் நுழையாது. ஆம்லெட் போட்டுச் சாப்பிடலாம்.

கண்டிஷனர் விளம்பரப் பொருள் அல்ல, அதன் பின்னால் நல்ல வேதியியல் இருக்கிறது. சாதாரணத் தண்ணீரில் முடியின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும், சேதமான இடங்களில் இன்னும் அதிகமாக. கண்டிஷனரில் இருக்கும் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு போன்ற பொருள்களுக்கு நேர்மின்னூட்டம். எங்கே சேதம் அதிகமோ அங்கே தேடிப் போய் ஒட்டும். அதோடு ஒரு கொழுப்பு வாலும் இருப்பதால், தேய்ந்துபோன கொழுப்புப் படலத்துக்குத் தற்காலிக மாற்றாக வேலை செய்யும். அடுத்த குளியலில் கொஞ்சம் போய்விடும், மறுபடி போட வேண்டும். வேரில் வேண்டாம், காதுக்குக் கீழே போதும்.

சரி, இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு வருவோம். கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கு எடுத்துவிட வேண்டும். ஈர முடி இழுத்தால் அதிகம் நீளும், சீக்கிரம் அறும், வழுக்கல் இருக்கும்போது சீப்பு சும்மா போகும். அலசியபின் சீப்பைத் தொடாதீர்கள். குனிந்து முடியை முன்னால் தொங்கவிட்டு, உள்ளங்கையில் நுனியை ஏந்தி, மேலே கொண்டுபோய் மெதுவாக அமுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டும், முடிகள் தாமாகக் கற்றைகளாகச் சேரும். ஈரத்தில் தண்ணீரின் பரப்பு இழுவிசை பக்கத்து முடிகளைச் சேர்த்து வைக்கிறது. இந்தக் கற்றையை இப்படியே காயவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பூத்துவாலையால் தலையைத் துவட்டும்போது நாம் செய்வது இதற்கு நேர்மாறு, கற்றையைப் பிய்த்துச் செதிலையும் தூக்கிவிடுகிறோம். பழைய ஈரிழைத் துண்டோ, நைந்த காட்டன் டி-ஷர்ட்டோ எடுத்து ஒற்றினால் போதும், தேய்க்க வேண்டாம்.

கற்றை காயும்வரை கலையாமல் இருக்க அதன்மேல் ஒரு படலம் வேண்டும். கடை ஜெல்லில் அதற்குப் பாலிமர் இருக்கும், காய்ந்தால் படலமாகும் நீண்ட மூலக்கூறு. வீட்டில் என்றால் ஆளி விதை. கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர், நடுத்தரத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் வெள்ளை நுரை கட்டும், கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளை மாதிரி நூல் நூலாக இறங்கும். அந்தப் பதத்தில் அடுப்பை அணைத்துச் சூட்டோடு மெல்லிய துணியில் வடித்துவிட வேண்டும். ஆறவிட்டால் விதையும் கோழையும் பிரியாது, மொத்தமாகக் கொட்ட வேண்டியதுதான். இதுவும் செம்பருத்தி இலையின் வழுவழுப்பும் வெண்டைக்காய்ப் பிசுபிசுப்பும் ஒரே குடும்பம், நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். காய்ந்தால் மெல்லிய படலமாக இறுகும். பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லாததால் ஃபிரிட்ஜில் ஒரு வாரத்துக்குமேல் வைக்காதீர்கள், வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஜெல்லை நல்ல ஈரத்திலேயே தடவி, மறுபடி அதே மாதிரி அமுக்கிவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும். கடினமான பகுதி இதுதான். காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பாதி அமைந்த பிணைப்புகளைக் கலைக்கிறீர்கள். முழுக்கக் காய்ந்தபின் முடி விறைப்பாக, கஞ்சி போட்டதுபோல இருக்கும். பலர் இங்கே பயந்து, ஜெல் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அதே அமுக்கல். ஜெல் ஓடு நொறுங்கும், கற்றை மிருதுவாக நிற்கும்.

கிளிசரின் உள்ள ஜெல், க்ரீம் வாங்கும்போது ஊரைப் பாருங்கள். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மிதமான ஈரத்தில் அது நல்லது. சென்னையின் மழைக்காலக் காலைகளில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சகஜம், அப்போது அது முடிக்குத் தேவைக்குமேல் நீரைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த மாதங்களில் பொருள் பட்டியலின் முன்வரிசையில் கிளிசரின் இல்லாததாக, டைமெதிகோன் போன்ற சிலிகோன் உள்ளதாக எடுத்தால் ஈரம் புகுவது தாமதமாகும். சிலிகோன் விஷம் என்ற பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை, அது முடியில் படியும், ஷாம்புவில் போகும்.

சூடே கூடாதா? நேராக்கும் இரும்பு 180 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதை ஈர முடியில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி முடிக்குள் குமிழ் வெடிக்கும், அந்த முடியைக் காப்பாற்ற முடியாது. ஆனால் மிதமான காற்று வேறு கணக்கு. தென் கொரிய ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், டிரையரால் காயவைத்த முடியையும் தானாகக் காயவிட்ட முடியையும் மின்னணு நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். சூடு ஏற ஏற மேற்பரப்புச் சேதம் கூடியது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் படலம் சேதமானது தானாகக் காய்ந்த முடியில் மட்டும். முடி நெடுநேரம் ஊறி உப்பிக் கிடப்பதும் நல்லதல்ல என்று அவர்கள் கருதினார்கள். டிரையரை 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, அசைத்துக்கொண்டே இருப்பது நல்லது என்பது அவர்கள் முடிவு. டிரையர் வேண்டாம் என்பவர்களுக்கு மின்விசிறி இருக்கிறது. சாயங்காலம் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு தூங்குவதை மட்டும் விட்டுவிடலாம், தலையணையில் நசுங்கிய வடிவம்தான் காலையில் நிலைத்திருக்கும்.

அலையை இன்னும் சீராக்க நினைத்தால் தளரப் பின்னல் போதும். முக்கால்வாசி காய்ந்த முடியைப் பின்னிவிட்டு, முழுக்கக் காய்ந்தபின் அவிழ்க்க வேண்டும். சொட்டச் சொட்ட ஈரத்தில் பின்னினால் பின்னலின் உள்பக்கம் மறுநாள்கூடக் காயாது. அவசரப்பட்டு அவிழ்த்தால் உள்ளே இருந்த ஈர முடி கால் மணி நேரத்தில் இஷ்டத்துக்கு வளைந்துகொள்ளும்.

இரவில் காட்டன் தலையணை உறையைவிட சாட்டின் உறை குறைவாக உராயும். அது இல்லையென்றால் முடியை உச்சியில் தளர்வாகத் தூக்கிக் கட்டிக்கொள்ளலாம். மறுநாள் காலையில் சில கற்றைகள் மட்டும் சிலும்பியிருக்கும், அதற்காக முழுத் தலையையும் நனைக்க வேண்டியதில்லை. விரலைத் தண்ணீரில் தொட்டு அந்தக் கற்றையை மட்டும் நனைத்து, ஒரு பொட்டு ஜெல் தடவி, விரலில் ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும்.